டெபியன் 13: வேலைக்கு எந்த லினக்ஸ் என்று கேட்பவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். சோறு போடுகிற வேலைக்கு லினக்ஸ் போடப் போகிறீர்கள், வேறொன்றைப் போட்டே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்றால், டெபியன் 13 போடுங்கள். அந்தக் கட்டாயம் யாருக்கெல்லாம் உண்டு, அவர்கள் எந்தப் பக்கம் போகலாம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அப்படிப்பட்டவர்களும் நிறைய உண்டு.

என் பிழைப்பு சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது. ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம், பத்திர எழுத்தர், ஒன்றிரண்டு மென்பொருள் கம்பெனிகள், அப்புறம் அவர்கள் மாத வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் சர்வர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, பிராசசர் கொஞ்சம் பழையது என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப எந்த முதலாளிக்கும் மனசு வராது. அதனால் "பேசாம லினக்ஸ் போட்டுக் குடுத்துருங்க" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள்.

சரி, எந்த லினக்ஸ்? வீடியோக்களைப் பார்த்தால் எது அழகு, எது வேகம், எதில் ஜன்னல் எப்படி வழுக்கிக்கொண்டு திறக்கிறது என்றே பேசுகிறார்கள். வீட்டு லேப்டாப்புக்கு அது போதும். வேலை என்று வந்தால் நான் கேட்பது வேறு: பாதுகாப்பு பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) எத்தனை வருஷம் வரும், அந்த வருஷக் கணக்கை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, என்னிடம் உள்ள மென்பொருளும் பிரிண்டரும் இதில் ஓடுமா. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் பார்ப்பார்கள். வருஷக் கணக்கைச் சிலர் பார்ப்பார்கள். அதை மாற்றுவது யார் என்பதை ஏறக்குறைய யாருமே பார்ப்பதில்லை.

சென்ட்ஓஎஸ் கதை தெரிந்தவர்களுக்கு நான் ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறேன் என்று புரியும். ரெட் ஹேட் என்ற கம்பெனி காசுக்குத் தரும் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரலை எடுத்து, பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டு, இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது சென்ட்ஓஎஸ். ஹோஸ்டிங் உலகத்தில் ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். 2014-இல் ரெட் ஹேட்டே அதைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது. 2019-இல் ரெட் ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த வருஷம் செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது, 2029 வரை பேட்ச் உண்டு என்ற கணக்கோடு. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி ஓர் அறிவிப்பு: 8-ஆம் பதிப்பு 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது, இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம், அதாவது ரெட் ஹேட்டின் அடுத்த பதிப்புக்கான முன்னோட்டம், மட்டும்தான். பத்து வருஷம் இருக்கலாம் என்று நம்பிக் குடிபோன வீட்டை, இரண்டாம் வருஷமே காலி பண்ணுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்ன மாதிரி. வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடவும் முடியாது, அக்ரிமெண்டே கிடையாது, வாடகையும் கிடையாது. இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், பழைய 7-ஆம் பதிப்பிலேயே சோம்பலாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை பேட்ச் கிடைத்தது. ஒழுங்காகப் புதியதற்கு மாறியவர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள்.

அந்த வெற்றிடத்தில் 2021-இல் வந்தவைதான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். ராக்கியைத் தொடங்கிய கிரெகரி கர்ட்சர், சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வைப்பதைச் சுருக்கிக்கொண்டது, வாடிக்கையாளர்களுக்குத்தான் முழுசும் என்று. ராக்கி வேறு வழிகளில் நிரலைத் திரட்டி அச்சு அசலாகக் கட்டுகிறோம் என்று நின்றது. அல்மாவோ 'வரிக்கு வரி ஒன்றாக இருக்காது, ஆனால் அதில் ஓடும் மென்பொருள் இதிலும் ஓடும்' என்று பாதையை மாற்றிக்கொண்டது. எனக்கு அல்மா எடுத்த முடிவுதான் பிடித்திருக்கிறது. ரெட் ஹேட் 10 வந்தபோது 2013-க்கு முந்தைய இன்டெல் பிராசசர்களைக் கைவிட்டார்கள். அல்மா 10-இல் மட்டும் பழையவற்றுக்கென்று தனியாக ஒரு பதிப்பு கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தச் சுதந்திரம் கிடைத்தது பாதையை மாற்றியதால்தான். இருந்தாலும், இரண்டுமே வேறொரு கம்பெனியின் சமையலறையைப் பார்த்துத்தான் இலை போடுகின்றன.

அடுத்தது உபுண்டு, கேனானிக்கல் என்ற கம்பெனி தருவது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிற எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புதான் வேலைக்கு ஆகும், இடையில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வருபவை ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும், அவற்றை அலுவலகத்தில் போடுவது வேண்டாத வேலை. எல்டிஎஸ்ஸுக்கு 5 வருஷம் இலவச ஆதரவு என்பார்கள். அதில் ஒரு சின்ன எழுத்து இருக்கிறது. அந்த 5 வருஷ உறுதி 'மெயின்' என்ற பகுதியில் உள்ள சில ஆயிரம் பொதிகளுக்கு (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களுக்கு). நாம் அன்றாடம் போடுகிற எத்தனையோ மென்பொருள்கள் இருப்பது 'யுனிவர்ஸ்' பகுதியில். அதற்கு கேனானிக்கல் தரும் முறையான பாதுகாப்பு பேட்ச் வேண்டும் என்றால் உபுண்டு ப்ரோவில் சேர வேண்டும். 5 எந்திரம் வரை ப்ரோ இலவசம், ஆறாவதிலிருந்து காசு. ப்ரோவில் சேராத எந்திரத்தில் அப்டேட் கொடுத்துப் பாருங்கள், இன்னும் இத்தனை பாதுகாப்பு பேட்ச்கள் உனக்காகக் காத்திருக்கின்றன, ப்ரோவில் சேர்ந்தால் கிடைக்கும் என்று டெர்மினலிலேயே ஒரு வரி வரும். கம்பெனி சம்பாதிக்கட்டும், தப்பில்லை. ஆனால் 12 கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஆடிட்டரிடம் 'இலவசம்' என்று சொல்லிப் போட்டுவிட்டு அந்த வரியை விளக்கிக்கொண்டிருப்பது எனக்குச் சங்கடம்.

ஸ்னாப் விவகாரமும் உண்டு. உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் என்று கேட்டால் வருவது ஸ்னாப் பொதி, அதாவது கேனானிக்கலின் தனி வகைப் பொதி. அதைக் கொடுக்கும் கடையின் சர்வர் நிரல் திறந்த மூலமல்ல, நடத்துவதும் கேனானிக்கல் மட்டுமே. கொள்கை பேசி யாரையும் அறுக்கப் போவதில்லை, ஆனால் எந்த அப்டேட் எப்போது இறங்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்க நினைக்கும் இடத்தில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு தனி ஏற்பாடு இருப்பது எனக்கு ஒத்துவருவதில்லை. லினக்ஸ் மிண்ட்காரர்களுக்கும் ஒத்துவரவில்லை போல, அவர்கள் உபுண்டுவை அடிப்படையாக வைத்துக்கொண்டே ஸ்னாப்பை மட்டும் அடைத்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸிலிருந்து நேராக வருகிற ஒற்றை ஆளுக்கு, அதுவும் கேட்டு உதவ பக்கத்தில் ஆள் இல்லாதவருக்கு, மிண்ட்டைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஒற்றை ஆள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. பின்னால் கம்பெனி கிடையாது, பங்குச்சந்தை கிடையாது, வாங்க யாராலும் முடியாது. உலகம் முழுக்க ஆயிரம் பேர் அளவுக்கு உறுப்பினர்கள், வருஷத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல், பெரிய முடிவென்றால் வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்புக்கு முந்தைய மின்னஞ்சல் சண்டைகளைப் படித்தால் தலை சுற்றும், ஆனால் சண்டை நடப்பது நம் கண் முன்னால். 2022-இல் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதுவரை டெபியன் நிறுவும்போது வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் உள்நிரல்) இல்லை, பென்டிரைவில் கொண்டு வா என்று கேட்டு நின்றுவிடும், காரணம் அந்த ஃபர்ம்வேர் திறந்த மூலம் இல்லை. இன்டர்நெட் வேண்டும் என்றால் வைஃபை வேண்டும், வைஃபை வேண்டும் என்றால் இன்டர்நெட்டிலிருந்து ஒரு கோப்பு வேண்டும். எத்தனை பேர் அங்கேயே டெபியனை விட்டு ஓடியிருப்பார்களோ. அந்த வருஷம் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்ப்பதென்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அந்தத் தலைவலி போய்விட்டது. 'டெபியன் நிறுவக் கஷ்டம்' என்று இன்றும் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய ஞாபகத்தில் சொல்கிறார்கள்.

டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9. மூன்று வருஷம் முழு ஆதரவு, அப்புறம் எல்டிஎஸ் குழுவின் கையில் இரண்டு வருஷம், ஆக 2030 வரை கவலை இல்லை. அதற்கு மேலும் அதே பதிப்பில் ஓட வேண்டும் என்பவர்களுக்கு ஃபிரெக்சியன் என்ற நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு பேட்ச் தருகிறது. உள்ளே வருபவை: கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) 6.12, பைத்தான் 3.13, பிஎச்பி 8.4, போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) 17, லிப்ரே ஆபீஸ் 25.2. இந்த எண்கள் 2030 வரை ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும், ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படும். இதைத்தான் சிலர் 'பழசு' என்கிறார்கள். ராத்திரி அப்டேட் ஆன சர்வரில் காலையில் பில்லிங் ஓடவில்லை என்று போன் வாங்கியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பழசாக இருப்பதன் லாபத்துக்கு 2024 மார்ச் நல்ல சாட்சி. எக்ஸ்இசட் என்ற சின்னச் சுருக்கக் கருவிக்குள், அதைப் பராமரிக்க உதவுவதாக வந்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு பெயர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவை வைத்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழி) உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று நோண்டப்போய் அதைக் கண்டுபிடித்தார். அவர் நோண்டியது டெபியனின் சோதனைக்கான அன்ஸ்டேபிள் கிளையில்தான். ஃபெடோராவின் வரப்போகும் பதிப்பு, ஓப்பன்சூசே டம்பிள்வீட் எல்லாவற்றிலும் அந்தப் பதிப்பு நுழைந்திருந்தது. வேலைக்கென்று வெளியிடப்படும் டெபியன் ஸ்டேபிளில் அப்போது இருந்தது 5.4.1. வேலைக்கு வைத்திருந்த சர்வர்களில் அன்று செய்ய எதுவும் இல்லை.

ஒரு பக்கமாகவே பேசக் கூடாது. 2008 மே மாதம் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் (மறையாக்க மென்பொருள்) ஓட்டை டெபியனே சொந்தமாகப் போட்டுக்கொண்டது. எச்சரிக்கைச் செய்தி வருகிறதே என்று ஒரு பராமரிப்பாளர் 2006-இல் நீக்கிய நிரல் வரியால், அதன்பின் உருவான சாவிகள் எல்லாம் எளிதில் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் யாரும் கவனிக்கவில்லை. தன்னார்வலர்கள் நடத்துவதால் ஓட்டையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிறுவுவது பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை, ஓர் இடத்தைத் தவிர. ஒரு ஜிபிக்கும் குறைவான நெட்இன்ஸ்ட் கோப்பை இறக்கி, பென்டிரைவில் எழுதி, கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் ஆயிற்று. நடுவில் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்ட் என்று ஒரு திரை வரும். பழக்கதோஷத்தில் எல்லோரும் ஒன்றை அடித்துவிடுவார்கள். அடித்தால் என்ன ஆகும் என்றால், நீங்கள் அடுத்து உருவாக்கும் பயனருக்கு சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும்) அனுமதி கிடைக்காது, இன்டர்நெட்டில் பார்த்து எந்தக் கட்டளையை ஒட்டினாலும் 'இவர் சூடோவர்ஸ் கோப்பில் இல்லை' என்று திட்டு விழும். அந்தத் திரையைக் காலியாக விட்டுவிட்டு தொடருங்கள். ரூட் கணக்கு பூட்டப்படும், முதல் பயனருக்கு சூடோ தானாகக் கிடைக்கும். திரையிலேயே இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அத்தனை நீளப் பத்தியை நிறுவும் அவசரத்தில் யார் படிப்பார்கள்?

டெஸ்க்டாப்பில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், விண்டோஸ் பழகியவர்களுக்கு கேடிஇ பிளாஸ்மா, 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டிக்கு எக்ஸ்எஃப்சிஇ. தானாக வருவது க்னோம். நல்லதுதான், ஆனால் கீழே டாஸ்க்பார் இல்லாததைப் பார்த்ததும் ஆபீஸில் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நிறுவி முடித்ததும் பாதுகாப்பு பேட்ச்களைத் தானாக இறக்கும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் பொதியைப் போட்டு ஓட விட்டுவிடுங்கள். ஸ்டேபிளில் அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

தமிழ் எப்படி? இதைத்தான் நம் ஆட்கள் முதலில் கேட்பார்கள். நிறுவியிலேயே தமிழ் உண்டு, ஆனால் மெனுக்களைத் தமிழில் வைக்காதீர்கள் என்பேன், மொழிபெயர்ப்பு பாதி இருக்கும் பாதி இருக்காது, ஏதாவது பிழைச்செய்தி வந்தால் தேடவும் முடியாது. தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் என்ற பொதியைப் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு மூன்றும் வந்துவிடும், பத்திர ஆபீஸில் டைப்ரைட்டர் பழகிய அக்காவும் அங்கே புதிதாகச் சேர்ந்த பையனும் ஒரே எந்திரத்தில் அவரவர் விசைப்பலகையில் அடிக்கலாம். பிரச்சினை எழுத்துருவில்தான் வரும். விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்து வைத்த பத்திரத்தை லிப்ரே ஆபீஸில் திறந்தால், லதா இல்லாததால் நோட்டோவோ லோகித்தோ அந்த இடத்தில் உட்காரும். எழுத்தின் அகலம் வேறு, வரி உயரம் வேறு. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். முத்திரைத்தாளில் மேலே விட வேண்டிய இடம் விட்டு, கடைசி வரி எங்கே முடிய வேண்டும் என்று கணக்குப் பண்ணி வைத்த பக்கம், இங்கே இரண்டு வரி அடுத்த தாளுக்குத் தாண்டிவிடும். வெள்ளைத்தாள் என்றால் பரவாயில்லை, முத்திரைத்தாளில் அச்சாகிவிட்டால் தாள் காசு போச்சு. அதனால் மாறுவதற்கு முன்னாலேயே பழைய மாதிரிப் படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, லினக்ஸில் இருக்கும் ஒரு எழுத்துருவுக்கு மாற்றி, விளிம்புகளைச் சரிசெய்து, சாதாரணத் தாளில் ஒருமுறை அடித்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவுவதைவிட இதற்குத்தான் எனக்கு நேரம் பிடிக்கும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளை எழுத்துருக் கோப்புறையில் போட்டால் வேலை செய்யும். அச்சகத்தில் பேஜ்மேக்கர் காலத்துக் கோப்புகள் குவியலாக இருந்தால் ஒரு விண்டோஸ் பெட்டியை விட்டுவையுங்கள், சண்டை போடாதீர்கள். புதிதாகச் செய்பவற்றுக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 1.6-இலிருந்து யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. டெர்மினலில் மட்டும் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கமாகச் சிதறித்தான் தெரியும், அது டெபியன் குற்றமில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளாக வருகிற வருமான வரிப் படிவங்கள் லிப்ரே ஆபீஸில் திறக்கும், ஆனால் நம்பி ஒப்படைக்க முடியாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களில் பலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, உங்களுடையதற்கு உண்டா என்று விற்றவரிடம் முதலிலேயே கேளுங்கள். இத்தகைய இடத்தில் நான் முழுசாக மாற்றச் சொல்வதே இல்லை. டேலி ஓடும் பெட்டிகளை விட்டுவிட்டு, மெயிலும் வேர்டும் பிரவுசரும் மட்டும் பார்ப்பவர்களின் பெட்டிகளையும், கோப்புகளைப் பகிரும் சர்வரையும் டெபியனுக்கு மாற்றினால் போதும். பிரிண்டரும் அப்படியே. நெட்வொர்க்கில் இணையும் புதிய பிரிண்டர்கள் டிரைவரே இல்லாமல் ஓடிவிடும். பத்து வருஷத்துக்கு மேலாக உழைக்கும் சின்ன யுஎஸ்பி லேசர் பிரிண்டர்களில் சில, எவ்வளவு கெஞ்சினாலும் லினக்ஸோடு பேசாது. தேர்ந்தெடுக்கும் முன் ஒரு லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடுவது) துவக்கி ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள்.

சர்வரில்தான் டெபியன் தன் முழு மதிப்பைக் காட்டும். ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் 9 கட்டப்பட்டிருப்பதே இதன்மேல்தான். 12-இலிருந்து 13-க்குப் போகிறவர்கள் வெளியீட்டுக் குறிப்பை ஒரு காப்பியோடு உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடுங்கள், அதில் உள்ளவை வெறும் சம்பிரதாய வரிகள் இல்லை. துவக்கக் கோப்புகள் உள்ள பூட் பகுதி 768 எம்பியாவது இருக்க வேண்டும் என்கிறார்கள், பழைய நிறுவல்கள் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. நெட்வொர்க் கார்டின் பெயர் மாறலாம் என்கிறார்கள். தொலைவில் உள்ள சர்வரில் அது மாறினால் ரீபூட்டுக்குப் பின் உங்களால் உள்ளே போக முடியாது, அதனால் ஹோஸ்டிங்காரரின் கன்சோல் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸ் 15-இல் இருந்த தரவு தானாக 17-க்கு வராது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், பழையதுதான் பழைய போர்ட்டில் இருக்கும், நீங்கள் தனியாக ஒரு கட்டளை கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். கொடுக்காவிட்டாலும் எல்லாம் ஓடுகிற மாதிரிதான் இருக்கும், அதுதான் ஆபத்து.

இந்தப் பதிப்பில் எனக்குப் பிடிக்காத மாற்றம் டெம்ப் கோப்புறை, நிரல்கள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் இடம். 13-இலிருந்து அது ஹார்ட் டிஸ்கில் இல்லை, ரேமில் இருக்கிறது, அதிகபட்சம் ரேமில் பாதி வரை. 16 ஜிபி உள்ளவர்களுக்கு வேகம்தான், நல்லது. 4 ஜிபி பெட்டியில் ஃபிளெக்ஸ் பேனர் கோப்பு ஒன்றை ஒரு நிரல் டெம்பில் விரித்து வேலை பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 2 ஜிபி தாண்டியதும் இடமில்லை என்று நின்றுவிடும், டிஸ்க்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். தெரியாதவர்கள் டிஸ்க் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை அணைக்க சிஸ்டம்டியில் (சேவைகளைத் துவக்கி நிறுத்தும் பகுதி) ஒற்றை வரி போதும், அச்சகப் பெட்டிகளில் நான் முதல் நாளே அணைத்துவிடுகிறேன். புதிதாக நிறுவியவற்றில் டெம்பில் 10 நாளாகத் தொடாமல் கிடக்கும் கோப்புகள் தானாக அழிக்கவும்படும். 'டெம்பில்தான் வச்சிருந்தேன்' என்பவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள்.

டெபியன் வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. சிபேனல் (ஹோஸ்டிங் நிர்வாக மென்பொருள்) வைத்து ஹோஸ்டிங் நடத்துகிறீர்களா? சிபேனல் டெபியனில் கிடையாது, அல்மாவோ உபுண்டுவோ போடுங்கள், பேச்சு முடிந்தது. டாவின்சி ரிசால்வில் படத்தொகுப்பு செய்பவர்களுக்கு அந்த நிறுவனமே சொல்வது ராக்கி லினக்ஸ். ஆரக்கிள் டேட்டாபேஸ் என்றால் ரெட் ஹேட் குடும்பம் அல்லது சூசே. பொதுவாக, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) பெயர் இருக்கிறதோ அதைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். டெபியனிலும் எப்படியோ ஓட வைத்துவிடலாம், ஆனால் நாளைக்கு அது நின்றால் அவர்கள் போனை வைத்துவிடுவார்கள். போன் போட்டால் எடுக்க ஆள் வேண்டும் என்கிற கம்பெனிகள் ரெட் ஹேட்டுக்கே காசு கட்டட்டும், அந்தக் காசுக்கு அது தகும்.

புத்தம் புதிய வன்பொருளும் இடறும். டெபியன் 13-இல் உள்ள என்விடியா டிரைவர் 550 வரிசை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளுக்கு அது பற்றாது, என்விடியாவின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டிவரும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் துவக்கவிடும் காவல்) இருந்தால் ரீபூட்டில் ஒரு நீலத்திரை வந்து சாவியைப் பதிவு செய் என்று கேட்கும். பத்து வினாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும், டிரைவர் ஏறாது. இந்த மாதம் வெளிவந்த லேப்டாப்பை வாங்கி அன்றைக்கே வேலை தொடங்க வேண்டியவர்கள் ஃபெடோராவைப் பாருங்கள். கெர்னல் புதியது, பொதிகள் புதியவை, தரமும் நல்லது. ஆனால் ஒவ்வொரு பதிப்பும் 13 மாதம் அளவுக்குத்தான். நிரல் எழுதுகிறவர் தன் ஒரே எந்திரத்தை வருஷத்துக்கு ஒருமுறை அப்கிரேட் செய்துகொள்வார், 20 பெட்டி உள்ள அலுவலகத்தில் அதை யார் செய்வது?

மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்யும் பாஸ் லினக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அரசு அலுவலகத்தில் அதுதான் என்று உத்தரவு இருந்தால் போடுங்கள். தனியார் ஆபீஸுக்கு அடிப்படையையே நேராகப் போட்டுக்கொள்வதில் பேட்ச் ஒரு கை மாறி வருவது மிச்சம்.

பழைய மென்பொருளோடு ஐந்து வருஷம் எப்படி என்று பயப்படுபவர்களுக்கு: பிரவுசரைப் பொறுத்தவரை ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் (நீண்ட ஆதரவுள்ள) பதிப்பு டெபியனிலேயே தொடர்ந்து புதுப்பிக்கப்படும், சாதாரணப் பதிப்புதான் வேண்டும் என்றால் மொசில்லாவே 2024-இலிருந்து டெபியன் பொதியாகத் தருகிறது. மற்றவற்றுக்கு ஃபிளாட்பேக், எந்த லினக்ஸிலும் ஓடும் தனி வகைப் பொதி. புதிய கெர்னல் வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ், ஸ்டேபிளுக்கென்று மறுபடி கட்டிய புதிய பொதிகளின் களஞ்சியம். கண்ட களஞ்சியத்தையெல்லாம் சேர்த்து ஸ்டேபிளை அவியலாக்காதவரை இவை போதும்.

எப்போது மாறுவது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டெபியன் 12-இல் இருப்பவர்களுக்கு அவசரமில்லை, எல்டிஎஸ்ஸோடு சேர்த்து 2028 ஜூன் வரை ஓட்டலாம். 11-இல் இருப்பவர்களுக்கு எல்டிஎஸ் முடிவது 2026 ஆகஸ்ட் 31. ஒரே தாவலில் 13-க்கு வர முடியாது, 12-க்கு வந்து அங்கிருந்துதான் 13. பெட்டி 32-பிட் என்றால் நிறுவவே வழியில்லை, 13-இல் அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டார்கள், 12-இலேயே இருக்கட்டும்.